"நான்தான் முதல்ல நடந்து முடிச்சேன்"னு ஒருத்தர் சொன்னா எப்படி செக் பண்றது

நீண்ட தூர ட்ரெயில் (காடு மலை வழியா போற நடைபாதை) ஒன்னை முழுசா முதல்ல நடந்தது யாருன்னு தேட இறங்கினா, ஆளை விசாரிக்கிறதுக்கு முன்னாடி அந்த வருஷம் ட்ரெயில் எங்க ஓடுச்சுன்னு பாருங்க, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். அமெரிக்காவோட அப்பலாச்சியன் ட்ரெயிலையே எடுத்துக்கோங்க, இப்ப தெற்கு முனை ஜார்ஜியாவுல இருக்குற ஸ்பிரிங்கர் மலை, ஆனா 1958 வரைக்கும் அது ஓக்லதோர்ப் மலை. அதனால 1948ல ஸ்பிரிங்கர்ல ஆரம்பிச்சு முழுசா முடிச்சேன்னு யாராவது சொன்னா அங்கயே ஒரு கேள்விக்குறி போட்டுடுங்க. 1936லயே நியூயார்க்கோட பிராங்க்ஸ் பகுதி சாரணர் பசங்க சிலர் முடிச்சிட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, ஆனா ட்ரெயிலோட கடைசித் துண்டு மெய்ன் மாநிலத்துல முடிஞ்சதே 1937 ஆகஸ்ட்லதான்.

அடுத்து, எதுல முதல்னு கேளுங்க. ட்ரெயில் அமைப்போட தலைவரா இருந்த மைரன் ஏவரி, தூரம் அளக்குற சக்கரத்தைத் தள்ளிக்கிட்டே பல வருஷமா துண்டு துண்டா நடந்து முடிச்சாரு. ஏர்ல் ஷாஃபர் 1948 ஏப்ரல் 4ல ஓக்லதோர்ப்ல கிளம்பி ஆகஸ்ட் 5ல வடக்கு முனையான கட்டாடின் மலையில முடிச்சாரு, அதாவது ஒரே மூச்சுல. ரெண்டும் வேற வேற முதல், ஒன்னை வச்சு இன்னொன்னை அடிக்காதீங்க.

ஷாஃபர் சொன்னதை ட்ரெயில் அமைப்புக்காரங்க முதல்ல நம்பல, டைரியும் ஸ்லைடு படங்களும் காட்டின பிறகுதான் ஏத்துக்கிட்டாங்க. பல வருஷம் கழிச்சு மேற்கு வர்ஜீனியா வக்கீல் ஒருத்தர் அதே டைரியை வரி வரியா படிச்சு, சுமார் 170 மைல் விட்டுப்போச்சுன்னு அறிக்கை எழுதினாரு. நீங்களும் அப்படித்தான் உக்காரணும், பிற்பாடு எழுதின புக்கையோ பேட்டியையோ நம்பாம வழியில கையால எழுதின நோட்டையே எடுங்க. தேதி, ராத்திரி தங்கின இடம், அந்தக் கால கைடுபுக் படி அந்த இடத்தோட மைல் கணக்கு, முந்தின நாளுக்கும் இதுக்கும் வித்தியாசம்னு அட்டவணையில நாலு பத்தி போட்டு நிரப்புங்க. தினமும் 15, 17 மைல்னு வந்துட்டு இருக்குறவர் செங்குத்தான ஏத்தத்துல திடீர்னு 35ன்னு குதிச்சா அந்த நாளை சுழிச்சு வைங்க, அந்தப் பக்கத்துல "கார்ல ஏறினேன்"னு இருந்தா இறங்கின இடத்துல இருந்து திரும்ப ட்ரெயிலுக்கு வந்தாரா, இல்ல அப்படியே முன்னாடி போயிட்டாரான்னு மேப்ல விரல் வச்சுப் பாருங்க, கார்ல ஏறினதே தப்புன்னு முடிவு கட்டிடாதீங்க, கடைக்குப் போயிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வர்றது எல்லாரும் பண்றதுதான்.

சுழிச்ச நாள் எல்லாமே ஏமாத்து கிடையாது. ஷாஃபர் கையில ட்ரெயில் கைடே இல்ல, ரோடு மேப் வச்சுத்தான் போனாரு, ரெண்டாம் உலகப் போர்க்காலத்துல பராமரிப்பு இல்லாம பல இடத்துல வழி காட்டுற குறியீடே அழிஞ்சு கிடந்துச்சு. வழி தவறினதும் வேணும்னே விட்டதும் ஒன்னு இல்ல. அதுலயும் அவர் 2002லயே இறந்துட்டாரு, அந்த அறிக்கைக்குப் பதில் சொல்ல ஆளே இல்ல, அதனால இறந்தவங்க விஷயத்துல இன்னும் ஜாக்கிரதையா இருங்க.

இப்ப நடக்குறவங்கன்னா ஜிபிஎஸ் ஃபைலை முழுசா கேளுங்க, ஸ்க்ரீன்ஷாட் போதாது, நேரமும் வேகமும் ஃபைல்லதான் தெரியும்.

கடைசியா எழுதும்போது "பொய்யர்"னு எழுதாதீங்க, எந்த மைல்ல இருந்து எந்த மைல் வரைக்கும் ஆதாரம் இல்ல, டைரில எந்தப் பக்கம்னு மட்டும் போடுங்க.