சுரங்கப் பங்கு வாங்குமுன் தொழிலாளரின் பாதுகாப்பை எப்படிப் பார்ப்பது?

வவுனியாப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் வேலை முடித்து வருகிறவர்களின் கண்ணிமை வரை வெண்தூசி படிந்திருக்கும். மூக்கைக் கட்டியிருப்பது பழைய சாரத்துண்டு. அத்தூசியிலுள்ள சிலிக்கா ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால், சிலிக்கோசிஸ் என்னும் குணப்படுத்த முடியாத நோய் வரும். முதன்முறையாகப் பங்குச் சந்தையில் சேமிப்பை இட விரும்பும் வன்னி இளையோர் சுரங்க நிறுவனங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், இலாபக் கணக்கைப் பார்க்குமுன் அந்தச் சாரத்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

முதற்படி, நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து கடந்த ஐந்து ஆண்டறிக்கைகளை இறக்கி, ஒவ்வோராண்டும் எத்தனை பேர் வேலையில் உயிரிழந்தனர் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை எங்குமே தரப்படவில்லையென்றால், அதையும் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படியில்தான் பலர் ஏமாறுகின்றனர். அறிக்கைகள் பெருமையாகக் காட்டும் காய வீதம் பொதுவாகப் பத்து இலட்சம் வேலைமணிக்கு எத்தனை பேர் வேலைக்கு வரமுடியாத அளவுக்குக் காயமடைந்தனர் என்பதாகும். உதாரணமாக, 500 பேர் ஆண்டுக்கு 2,000 மணி வீதம் உழைத்தால் மொத்தம் 10 இலட்சம் மணி. இருவர் காயமடைந்தால் வீதம் 2. ஆனால் வெடிவைப்பு, பாரமேற்றல் போன்ற ஆபத்தான வேலைகளை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, அவர்களுடைய ஆட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், ஒருவருக்கும் பாதுகாப்புக் கூடாமலே வீதம் இறங்கிவிடும். ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்க்கப்பட்டுள்ளனரா என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் தேடுங்கள்.

மூன்றாவதாக, சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பிரேசிலின் புருமாடினோவில் வாலே நிறுவனத்தின் கழிவுச்சேற்று அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்தபோது, அணைக்குக் கீழேயே கட்டப்பட்டிருந்த உணவகத்தில் தொழிலாளர்கள் மதிய உணவில் இருந்தனர். 270 பேர் இறந்தனர். அந்த அணை உறுதியானதென்று அதற்கு முந்தைய ஆண்டில்தான் சான்று வழங்கப்பட்டிருந்தது. அதே நிறுவனம் பங்காளியாக இருந்த மரியானா அணை 2015 இல் உடைந்து 19 பேரைக் கொன்றிருந்தது என்பதை அறிந்த முதலீட்டாளர், சான்றிதழைவிட அந்த வரலாற்றையே பெரிதாக எடுத்திருக்க வேண்டும்.

நான்காவது, நிலத்துக்குரிய மக்களின் குரல். அவுஸ்திரேலியாவில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் கொண்ட, பூர்வகுடிகள் புனிதமாகக் கருதிய ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளைச் சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ 2020 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தபோது, அதற்குச் சட்டப்படியான அனுமதி இருந்தது; அம்மக்களின் சம்மதம் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில், மன்னார்த் தீவின் இல்மனைற் (டைட்டானியம் தரும் கனிமம்) மணல் அகழ்வுத் திட்டத்தை அங்குள்ளோர் ஏன் எதிர்க்கின்றனர் என்று கேட்டுப் பாருங்கள். குடிக்கும் கிணற்றில் உப்பு ஏறிவிடும் என்ற அச்சத்தை முதலில் சொல்வார்கள்.

கடைசிப் படி, கேள்வி கேட்பது. புருமாடினோவுக்குப் பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய சபையும் சுவீடனின் அரச ஓய்வூதிய நிதியங்களும் முன்னின்று, நூற்றுக்கணக்கான சுரங்க நிறுவனங்களிடம் அணைகளின் விபரங்களைக் கோரிக் கடிதம் அனுப்பின. பல நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. 2020 ஓகஸ்டில் கழிவணைகளுக்கான உலகளாவிய தரநிலையும் வந்தது. நூறு பங்கு வைத்திருப்பவரும் கம்பனிச் செயலாளருக்கு எழுதலாம்: "சென்ற ஆண்டு இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்? அவர்களின் குடும்பங்களுக்கு என்ன வழங்கப்பட்டது?" பதில் வரும்வரை மேலும் ஒரு பங்கும் வாங்காதீர்கள்.