வீட்டு ஆப்பிள் கேக்: பழத்தின் நீரைக் கணக்கில் எடுக்காததால் நேரும் தவறுகள்

நாலு பேருக்குக் கொடுப்பதற்காக வீட்டில் செய்யப்படும் ஆப்பிள் கேக் பெரும்பாலும் இரண்டு விதங்களில் கெட்டுப்போகிறது. நடுப்பகுதி வேகாமல் களியாக நின்றுவிடும். அல்லது பழத்துண்டுகள் எல்லாம் கீழே இறங்கி, அடிப்பாகம் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். இரண்டுக்கும் அடுப்பின் மீதே பழியைப் போடுகிறோம். அடுப்புக்கும் இதில் ஓரளவு பங்கு உண்டு என்றாலும், முதற்காரணம் ஆப்பிளுக்குள் இருக்கும் நீர். ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவற்றுக்கான காரணம் தானாகவே விளங்கிவிடும்.

8 அங்குல வட்ட டின்னுக்குப் பொருத்தமான ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்: மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, பால் 2 மேசைக்கரண்டி, தோலும் விதையும் நீக்கிய ஆப்பிள் 250 கிராம். இந்த 250 கிராம் பழத்தில் மட்டும் 200 கிராமுக்கு மேல் நீர் இருக்கிறது. முட்டை, பால், வெண்ணெய் ஆகிய மூன்றிலும் உள்ள நீரைக் கூட்டினாலும் அது இதைவிடக் குறைவுதான். ஆகவே "இன்னும் ஒரு பழம் இருக்கிறதே, அதையும் நறுக்கிப் போட்டுவிடலாம்" என்று நினைப்பது, கலவையில் அரை டம்ளர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவதற்குச் சமமான தவறு. கலவை கெட்டியாகத் தெரிகிறது என்று பாலை மேலும் மேலும் சேர்ப்பதும் அப்படியே. பழம் வேகும்போது விடப்போகும் நீருக்கு மாவில் இடம் இருக்க வேண்டும். அதனால் கலவை தொடக்கத்தில் கெட்டியாக இருப்பதே சரி. இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் வடை மாவைவிடத் தளர்வாகவும் இருந்து, கரண்டியைச் சாய்த்தால் சற்றுத் தயங்கி விழ வேண்டும்.

பழத்துண்டுகளை மைதாவில் புரட்டிப் போட்டால் அவை மூழ்காது என்று பலரும் சொல்வார்கள். புரட்டுவதால் தீங்கில்லை, மேற்பரப்பின் ஈரத்தை அது கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் தளர்ந்த கலவையில் எத்தனை மாவு பூசினாலும் துண்டுகள் இறங்கத்தான் செய்யும். அவற்றைத் தாங்கிப் பிடிப்பது கலவையின் கெட்டித்தன்மையும் துண்டின் அளவும்தான். ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் போகாமல் நறுக்குவது நல்லது. துருவிச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துருவும்போது பழத்தின் செல்கள் உடைந்து சாறு உடனே வெளியேறிவிடும். துருவலைப் பிழிந்துவிட்டுச் சேர்க்காவிட்டால் கேக் கனத்து, ஈரப் பிசுபிசுப்புடன் நிற்கும்.

நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதைக் கண்டு அதை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழத்தை அப்படியே பரிமாறுவதற்கு அது சரியான முறை, கேக்குக்குப் பொருந்தாது. பட்டைத் தூள் கலந்த கேக்குக்குள் பழத்தின் நிறம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்னும்போது, அதைத் தண்ணீரில் ஊறவிடுவானேன்? நிறம் மாறக் கூடாது என்றால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் பிசிறி வைத்தால் போதும். இனிப்பான பழத்துக்கு அந்தப் புளிப்பு சுவையையும் கூட்டும். சர்க்கரையும் பட்டைத் தூளும் கலந்து பழத்தை முன்கூட்டியே ஊற வைப்பதும் இதே வகைத் தவறுதான், ஏனெனில் சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். அப்படிச் செய்துவிட்டால், கீழே தேங்கிய சாற்றைக் கலவையில் ஊற்றாமல் தனியே வடித்து, சிறு தீயில் பாகாகச் சுண்ட வைத்து, வெந்த கேக்கின் மேல் தடவிவிடலாம்.

எந்த ஆப்பிளை வாங்குவது என்பதில் நம் கடைகள் அதிக வாய்ப்பைத் தருவதில்லை. இமாச்சலத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வரும் சிவப்புப் பழங்களில் பெரும்பங்கு டெலிஷியஸ் வகையைச் சேர்ந்தது. 1916ஆம் ஆண்டளவில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் சிம்லாவை அடுத்த கோட்கட் பகுதியில் நட்டு வளர்த்ததிலிருந்து அது அங்கே பரவியது. அப்படியே கடித்துத் தின்ன நன்றாக இருக்கும் இந்தப் பழத்தில் புளிப்பு குறைவு, வெந்தால் விரைவில் குழைந்துவிடும். நீண்ட நாள் இருப்பில் இருந்து மாவுமாவாக ஆகிவிட்ட பழத்தைக் "கேக்குக்குத்தானே" என்று ஒதுக்கி வைப்பது பொதுவான பழக்கம். நான் இதை ஏற்பதில்லை. அத்தகைய பழம் கேக்குக்குள் உருத்தெரியாமல் கரைந்து, மணமும் தராமல் ஈரத்தை மட்டும் விட்டுச் செல்லும். பச்சை நிறக் கிரானி ஸ்மித் கிடைத்தால் பாதி அதுவும் பாதி சிவப்புப் பழமுமாகச் சேர்ப்பது மிக நல்ல சேர்க்கை. கிடைக்காவிட்டால், விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் சிவப்புப் பழமும் எலுமிச்சையும் போதும்.

வெண்ணெயில் நேரும் தவறு நம் ஊர் வெயிலோடு தொடர்புடையது. "வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைக்கவும்" என்னும் குறிப்பு குளிர்நாடுகளின் சமையலறைக்காக எழுதப்பட்டது. சென்னையிலோ மதுரையிலோ கோடைக் காலத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். உருகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் அதில் காற்று தங்காது. சிறு துண்டுகளாக நறுக்கிப் பதினைந்து நிமிடம் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் நிலையிலேயே அடிக்கத் தொடங்க வேண்டும். வீட்டில் கடைந்த வெண்ணெயைப் பயன்படுத்துவோர் அதில் மோர்நீர் ஒளிந்திருப்பதை மறக்கக் கூடாது. கரண்டியால் அழுத்திப் பிசைந்து, நீரை வடித்துவிட்ட பிறகே எடை போட வேண்டும்.

எடை என்று சொல்லும்போது ஒரு வார்த்தை. 240 மில்லி கோப்பையை மைதாப் பாத்திரத்துக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை வந்துவிடும். கரண்டியால் எடுத்து நிரப்பித் தலை தட்டினால் 125 கிராம் அளவில் நிற்கும். சமையலறைத் தராசு இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடாவை அதே அளவு போடுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். சோடா அதைவிட மூன்று மடங்குக்கும் மேலான வீரியம் உடையது; அதற்கு ஈடான புளிப்பு கலவையில் இல்லாவிட்டால் சோப்புச் சுவை தட்டும். முட்டைக்கு மாற்றாகத் தயிர் சேர்ப்பவர்களுக்கு அரைத் தேக்கரண்டி சோடா பொருந்தும். ஆனால் தயிரும் நீர்ப்பொருள்தான் என்பதால், துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரையே பயன்படுத்த வேண்டும். மைதா சேர்த்த பிறகு கலவையை அடிக்காமல், உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் மடித்துக் கலந்தால் போதும்.

இனி அடுப்பு. ஓடிஜி எனப்படும் சிறு மின்சார அடுப்பை 180 டிகிரி செல்சியஸில் குறைந்தது பதினைந்து நிமிடம் முன்சூடு செய்யாமல் டின்னை வைத்தால், கலவை இறுகத் தொடங்குவதற்கு முன்பே வெண்ணெய் உருகிப் பழம் கீழே இறங்கிவிடும். சிறிய ஓடிஜிகளில் மேற்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால் மேல்புறம் விரைவில் கருகும். அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று வெளியே எடுப்பதே, நடுப்பகுதி களியாக நிற்பதற்கு அடிக்கடி காணும் காரணம். அரை மணி நேரம் கழிந்ததும் அலுமினியத் தாளால் மேலே தளர்வாக மூடிவிட்டு, மொத்தம் 45 முதல் 55 நிமிடம் வரை வேக விடலாம். முதல் அரை மணி நேரத்துக்குள் கதவைத் திறக்க வேண்டாம்.

குச்சி குத்திப் பார்க்கும் சோதனை ஆப்பிள் கேக்கில் எளிதில் ஏமாற்றிவிடும். குச்சி ஒரு பழத்துண்டில் இறங்கினால், கேக் நன்றாக வெந்திருந்தாலும் ஈரமாகவே வெளிவரும். அதை நம்பி மேலும் பத்து நிமிடம் விட்டால் ஓரங்கள் காய்ந்துபோகும். மூன்று இடங்களில் குத்திப் பார்த்து, குச்சியில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்: தெளிவான ஈரம் என்றால் அது பழச்சாறு, வெளுத்த பசை என்றால் வேகாத மாவு. நடுப்பகுதியை மெல்ல அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலெழுவதும் வெந்ததற்கு அடையாளம்.

வெந்த கேக்கைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் டின்னிலேயே விட்டால், வெளியேற வழியில்லாத ஆவி அடியில் தங்கி அதை நனைத்துவிடும். கம்பி வலையின் மேல் எடுத்து வைத்து, முழுவதும் ஆறிய பின்பே வெட்ட வேண்டும். பிறருக்குக் கொடுக்கும் கேக்கைக் காலையில் அவசர அவசரமாகச் செய்து சூட்டோடு டப்பாவில் அடைப்பது பெரிய தவறு. மூடியில் முத்து முத்தாக நீர் கோத்து, மீண்டும் கேக்கின் மேலேயே சொட்டும். முந்தின நாள் மாலையிலேயே செய்து, ஆறியதும் மூடி வைத்தால், இரவுக்குள் பழத்தின் ஈரம் கேக்கெங்கும் சமமாகப் பரவி, பட்டையின் மணமும் நன்றாக ஏறியிருக்கும். நம் வெப்பத்தில் இதை ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வெண்ணெய் இறுகியிருக்கும் என்பதால், கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஆட்கள் அதிகம் என்பதற்காக அளவை இரட்டித்து ஒரே டின்னில் ஊற்றக் கூடாது. உயரம் கூடினால் ஓரம் காய்ந்து நடு வேகாது, இரண்டு டின்களில் பிரித்துத்தான் ஊற்ற வேண்டும். பங்கிட்டுக் கொடுக்க 8 அங்குலச் சதுர டின்னே வசதி, இரண்டு அங்குலத் துண்டுகளாகப் பதினாறு வரும். அதன் பரப்பு வட்ட டின்னைவிடக் கால் பங்குக்குச் சற்றே அதிகம் என்பதால் கேக் மெலிதாகவும் விரைவாகவும் வேகும். 35 நிமிடத்திலிருந்தே குச்சி வைத்துப் பார்க்கலாம். அக்ரூட் சேர்த்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதையும், முட்டை சேர்த்திருந்தால் அதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முட்டை சேர்த்ததும் சேர்க்காததுமாக இரண்டு வகை செய்திருந்தால், இரண்டுக்கும் தனித்தனிக் கத்தியும் தனித்தனி டப்பாவும் வைத்து, டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.