புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.: பயாப்ஸிக்கு முன்னால் எடுங்கள்

பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு) கூடியிருந்தால் நேரே பயாப்ஸிக்கு (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) போகாமல் முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பதே நல்லது. 2017இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், 576 ஆண்களுக்கு இரண்டையும் செய்து பார்த்தார்கள். வீரியமான புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தையும், அல்ட்ராசவுண்ட் பார்த்து எடுக்கும் வழக்கமான பயாப்ஸி 48 சதவீதத்தையும் பிடித்தன. வரிசை மாறினால் படமும் கெடும்: ஊசி குத்திய இடத்தில் தங்கும் ரத்தம் புற்றுநோயைப் போலவே தெரியலாம். ஏற்கெனவே பயாப்ஸி ஆனவர்கள் குறைந்தது 6 வாரமாவது பொறுக்க வேண்டும்.

பேஸ்மேக்கர், இடுப்பு மூட்டில் உலோகம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். காடோலினியம் மருந்து (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றுவது) ஏற்றலாமா என்பதைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்தே முடிவு செய்வார்கள். 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவி கிடைத்தால் நல்லது. நன்றாக அமைத்த 1.5 டெஸ்லாவும் போதும்.

படத்தைக் கெடுப்பதில் முதலிடம் மலக்குடல் வாயுவுக்குத்தான். புராஸ்டேட்டை ஒட்டியே மலக்குடல் இருப்பதால், அங்கே வாயு நின்றால் காந்தப்புலம் குலைந்து டிஃப்யூஷன் படம் (திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் நகர்வதைக் காட்டுவது) நெளிந்துவிடும். ஸ்கேனுக்குச் சற்று முன் மலம் கழித்துவிடுங்கள். மையத்தில் சொன்னால் எனிமா. குடல் அசைவை நிறுத்தச் சில இடங்களில் 20 மி.கி. ஹையோசின் ஊசி போடுவார்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சுமார் 30 முதல் 45 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். புற்றுநோய் உயர் பி-மதிப்புப் படத்தில் (பி-மதிப்பு என்பது டிஃப்யூஷன் படத்தின் அழுத்தத்தைக் குறிக்கும் எண்; 1400க்குக் குறையாமல்) வெளுப்பாகவும், ஏ.டி.சி. படத்தில் (டிஃப்யூஷனிலிருந்து கணக்கிட்டு வரைவது) கறுப்பாகவும் தெரியும். வெளுப்பு மட்டும் இருந்தால் நம்ப முடியாது. வெளி மண்டலத்துக்கு டிஃப்யூஷன்தான் முதல் சாட்சி. நடு மண்டலத்தில் வயதானால் வரும் வீக்கத்தின் முடிச்சுகளும் குழப்பும் என்பதால், சுரப்பியின் அமைப்பைக் காட்டும் டி2 படத்துக்கே முதலிடம்.

அறிக்கையில் பை-ராட்ஸ் எண்ணை (புற்றுநோய்ச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை சொல்லும் மதிப்பெண்) தேடுங்கள். 1, 2 என்றால் சந்தேகம் குறைவு. ஆனாலும் புற்றுநோய் அறவே இல்லை என்று பொருளில்லை. 4, 5 என்றால் பயாப்ஸி. சங்கடமெல்லாம் 3இல்தான். அப்போது பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் கன அளவால் வகுத்துப் பாருங்கள் (நீளம் × அகலம் × உயரம் × 0.52, செ.மீ.யில்). பி.எஸ்.ஏ. 6, கன அளவு 60 மி.லி. என்றால் விடை 0.10, 30 மி.லி. என்றால் 0.20. பொதுவாக 0.15க்கு மேல் போனால் பயாப்ஸி பக்கம் தராசு சாயும். ஃபினாஸ்டரைடு (புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை) மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் பி.எஸ்.ஏ.வை இரட்டிப்பாக்கிய பிறகே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஃபிலிமோடு திரும்பிவிடாமல் டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்கள்) உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்டோடு பொருத்திக் குறிபார்த்து ஊசி போட ஃபிலிம் உதவாது.