தூக்கம் கெடுவது செல்போனால் மட்டுமா?

பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது 1905இல். அந்தக் கரண்ட் வந்த காவிரிக்கரை சிவனசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து 1902லேயே கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் போய்விட்டது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டுத் தமிழர்கள். மின்விளக்கு நமக்கு நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். ஆனாலும் இரவில் எந்த விளக்கை எப்போது அணைப்பது என்பதில் இன்னும் கோட்டைவிடுகிறோம்.

முதல் தவறு, பழியை எல்லாம் போன் மேல் போடுவது. போனைத் தூர வைத்தும் தூக்கம் வரவில்லை என்பவர் வீட்டு ஹாலில், படுக்கும்வரை டியூப்லைட் எரிந்திருக்கும். நம் விழித்திரையில் சில செல்களுக்கு, இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான் முக்கிய வேலை. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி பட்டால் அவை சட்டென்று விழித்துக்கொள்ளும்; தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். எல்இடி பெட்டியில் 6500 கெல்வின் (இந்த எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும்), 'கூல் டேலைட்' என்று போட்டிருப்பார்கள். பேரிலேயே பகல் இருக்கிறது! மஞ்சள் பல்ப் போட்டால் 'என்ன வீடு அழுது வடியுது' என்பார்கள் நம்மவர்கள். வடியட்டும். சாப்பிட்டு முடித்ததும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் மஞ்சள் பல்ப் ஒன்றை மூலையில் தாழ்வாகப் போடுங்கள்.

போனில் நைட் மோட் (திரையை மஞ்சளாக்கி நீல ஒளியைக் குறைக்கும் வசதி) போட்டுவிட்டுத் திரை வெளிச்சத்தை முழுசாக வைப்பதும் வீண்தான்.

யாரும் கண்டுகொள்ளாத தவறு காலையில் நடக்கிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் காரில் ஏறி, ஆபீஸ் பேஸ்மென்ட்டில் இறங்குகிறவர் கண்ணில் வெயிலே படுவதில்லை. ஆபீஸ் மேசையில் கிடைப்பது 300, மிஞ்சினால் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஆடி மாத மூட்டத்திலும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பகலில் போதிய வெளிச்சம் படாத ஆளை ராத்திரி விளக்கு இன்னும் அதிகமாகப் பாதிக்கும். காலையில் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் அரை மணி நடந்துவிட்டு வரலாம்.

அப்புறம் இன்னொரு தவறு, கரண்ட் இல்லாத காலத்தில் பொழுது சாய்ந்ததும் படுத்துப் பத்து மணி நேரம் தூங்கினார்கள் என்று நம்புவது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் உட்பட மின்சாரம் இல்லாத மூன்று சமூகங்களைப் பற்றி 2015இல் வந்த ஆய்வில், அவர்கள் படுத்தது சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்து. தூங்கியது 5.7 முதல் 7.1 மணி நேரம். ஏழு மணி நேரம் தூங்கிவிட்டுக் 'குறைஞ்சுபோச்சே' என்று புலம்ப வேண்டாம்.

நைட் ஷிஃப்ட் ஆட்களுக்குக் கணக்கு தலைகீழ். காலையில் ஆபீஸ் வண்டியில் வீடு திரும்பும்போதே கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கனத்த திரை. சனி ஞாயிறு மட்டும் பகல் ஆளாக மாறிவிட்டுத் திங்கட்கிழமை ராத்திரி கொட்டாவி விடுவதைத்தான் பலரும் செய்கிறார்கள்.