சாம்பலைக் கூட்டும் முன்னே: தீப்பட்ட ஊருக்குப் பணம் திரட்டுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு மாசி மாத மதியம் காட்டோரம் பிடித்த தீ, ரப்பர் விளைகளுக்குள், அதாவது தோட்டங்களுக்குள், இறங்கிவிட்டது. இலை உதிர்ந்து கணுக்கால் புதையச் சருகு கிடக்கும் காலம் அது. பதினொரு வீட்டாரின் மரங்கள், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் இரண்டு புகைப்புரைகள், ஒரு வீடு எல்லாம் அன்று போயின. மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஊர்ப்பணத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். அப்போது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எதையும் கூட்டாமல் இருப்பது. எரிந்து கிடப்பதைப் பார்த்ததும் கை துடைப்பத்துக்குத்தான் போகும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதும் வரை அப்படியே கிடக்கட்டும். ஒவ்வொரு விளையிலும் நாலு மூலையில் நின்று தேதி விழும்படி போட்டோ எடுங்கள். எரிந்த மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பால் எண் போடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று கேட்டு வாங்குங்கள். ரப்பருக்கு ஒரு எண்ணிக்கை போதாது. தீ தொட்ட மரம் அன்றைக்கு நன்றாகத்தான் நிற்கும், பிறகு பட்டை வெடித்துப் பால் வடிந்து காயும். அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் எண்ணி, அதையும் எழுதிக் கொடுங்கள்.

அரசின் பேரிடர் நிவாரண விதியில் தீயும் ஒரு பேரிடர்தான். 2022 முதல் 2026 வரைக்கான விதிப்படி, மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய், சமவெளியில் 1,20,000. ரப்பர் மாதிரி நீண்டகாலப் பயிருக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு 22,500. ஐம்பது சென்ட் விளைக்காரருக்குக் கணக்குப் போட்டால் நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான் வரும். புதுக்கன்று பால்வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். இந்தத் தொகை அதற்குக் காணாது. ஆனாலும் மனுவை விட்டுவிடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகராமல் கிடந்தால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த ரசீதோடு போங்கள்.

மீதிக்கு ஊர்தான் கை நீட்ட வேண்டும். நான் தவறியது இங்கேதான். எரிந்த வீட்டின் படத்தைப் போட்டு, "இந்த வீட்டுக்கு உதவுங்கள்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். வீடு கட்டியது போகவும் பணம் மிஞ்சியது. "அக்கா, எனக்க மரத்துக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று பக்கத்து விளைக்காரர் கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் தந்தவர்கள் வீட்டுக்கென்று தந்த பணம் அது. ஒவ்வொருவராகப் போன் செய்து சம்மதம் வாங்கினேன்.

2019-20இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது செலஸ்ட் பார்பர் என்ற நடிகை முகநூலில் 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரட்டினார். பணம் போய்ச் சேர்ந்தது நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் தொண்டர் அமைப்பின் அறக்கட்டளைக்கு. தீயில் எல்லாம் இழந்தவர்களுக்கும் பிற தொண்டு அமைப்புகளுக்கும் அதிலிருந்து கொடுக்க முடியாது என்று 2020 மே மாதம் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியிருந்த நோக்கம் அவ்வளவுதான். ஆகவே முதல் செய்தியிலேயே இப்படி எழுதுங்கள்: "எரிந்த வீடு, மரக்கன்று, புகைப்புரை ஆகியவற்றுக்கும், மிஞ்சினால் அடுத்த கோடையின் தீத்தடுப்புக்கும் செலவாகும்."

நம் மாவட்டத்தில் பல வீட்டுக்கு வளைகுடாவில் ஆள் உண்டு. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், சொந்த மாமாவே ஆனாலும், சங்கத்துக்குத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கென்று பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது.

வங்கிக் கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கட்டும், பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். வரவுசெலவை வாராவாரம் குருசடி என்கிற சிலுவைக் கோயிலிலும் கோயில் வாசலிலும் டீக்கடையிலும் ஒட்டினோம். அதற்குப் பிறகு யாரும் என்னை வழியில் நிறுத்திக் கேட்கவில்லை.

எவ்வளவு நெருக்கடி என்றாலும் ஐந்தில் ஒரு பங்கை அடுத்த கோடையின் தீத்தடுப்புக்கென்று தொடாமல் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பொதுச் சொத்துக்கு, ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மிச்சம் கேட்கலாம். அதற்கான தீர்மானத்தைக் கிராமசபையில் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1 உட்பட வருடத்துக்கு ஆறு முறை சபை கூடுகிறது. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குப் பணம் கிடையாது, ஊரில் நாலு பேராவது பதிந்துகொள்ளுங்கள். விளையோரம் சருகு வாரித் தீத்தடுப்புக் கோடு போடும் கூலிக்கும், தோளில் மாட்டும் தெளிப்பான் இரண்டுக்கும் எங்கள் மிச்சப் பணம் சரியாகப் போனது. இலை விழ விழ வார வேண்டும் என்பதால், அந்தக் கூலியை மார்கழி முதல் மாசி வரை வாரம் ஒருமுறை பிரித்துக் கொடுக்கிறோம்.