சத்திய சோதனையும் டிசம்பர் நோட்டும்

கிறிஸ்துமஸுக்குள் ‘சத்திய சோதனை’ படித்து என்னை அலசிப் பார்க்க, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் 16 விடுமுறையன்று உட்கார்ந்தேன். நான்கு நாள் வீண். நோட்டு முழுக்க காந்தியின் கதைச் சுருக்கம். என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடிக்கோடு போட்டும் பலனில்லை.

ஒரே மூச்சில் படித்ததுதான் கோளாறு. அது 1925 முதல் ‘நவஜீவன்’ வார இதழில் தொடராக வந்தது, அத்தியாயங்கள் சின்னவை. ஆகவே காந்தியின் பிரிட்டோரியா பயண அத்தியாயத்திலிருந்து நாளுக்கு ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு, ‘நான்’ என்று தொடங்கும் ஐந்து வரி. ‘அவர்’ என்று எழுதினால் அடித்துவிட வேண்டும்.

1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் குளிர். மேல்கோட்டு பெட்டிக்குள் இருந்தும், மறுபடி அவமதிப்பார்களோ என்று காந்தி அதைக் கேட்கவில்லை. அவரை ரயிலிலிருந்து தள்ளியதையே எல்லோரும் பிடிப்பார்கள், நீங்கள் அந்த மேல்கோட்டைப் பிடியுங்கள். ‘நான் கேட்காமல் விட்டது எது?’ என்றதும் பேனா ஓடியது. 25-க்குள் முப்பது வரி சேர்ந்தது. அப்பாடா!