பழைய தேக்குத் தளத்துக்கு எந்த உப்புத்தாள்?

சென்னையில் ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய வீட்டில் தேக்குப் பலகைத் தளமோ மரப்படியோ இருந்தால், தயவுசெய்து அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். தேய்த்து வார்னிஷ் அடித்தால் மீண்டும் பளிச்சிடும்.

உப்புத்தாளின் பின்புறம் உள்ள எண்ணைப் பாருங்கள். எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம். பழைய வார்னிஷ் தடிப்பாக இருந்தால் 40-இல் தொடங்கலாம். இல்லையென்றால் 60 போதும். முரட்டுத் தாள் போடும் கீறலை அழிப்பதே பெரும்பாடு. அடுத்து 80, கடைசியில் 100 அல்லது 120. நடுவில் உள்ளதைத் தாண்டி 40-இலிருந்து 120-க்குப் போனால் கீறல்கள் அப்படியே நிற்கும். வார்னிஷ் பட்டதும்தான் பல்லிளிக்கும். எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள்.

வெறும் மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு தாளைக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டும் தேய்க்கக்கூடிய உப்புத்தாள்) வார்னிஷ் பூச்சுகளுக்கு இடையே தேய்க்க மட்டும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இரும்புக் கம்பிச் சுருளால் தேய்க்கவே வேண்டாம். மரத்தில் சிக்கும் துகள்கள் நம் கடற்காற்றில் துருப்பிடித்துக் கறையாகிவிடும்.

தேக்குத் தூசி மூச்சை உறுத்தும், முகக்கவசம் கட்டாயம். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள்.